மரத்தால் கட்டிய டியர்டிராப் டிரெய்லருக்கு எப்பாக்ஸியும் வார்னிஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், நீர்த்துளியைப் படுக்க வைத்தாற்போல் முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்திருக்கும் சிறிய டிரெய்லருக்கு அமெரிக்காவில் டியர்டிராப் என்று பெயர். உள்ளே இருவர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. பின்னால் இருக்கும் மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. 1930களிலும் இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளிலும் அமெரிக்கக் கைவினை இதழ்கள் வரைபடங்களை வெளியிட, பலர் வீட்டிலேயே இதைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மேலே அலுமினியத் தகடு போர்த்துவது வழக்கம். மரத்தின் ரேகை வெளியே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இன்று படகு கட்டுகிறவர்களின் முறையை எடுத்துக்கொண்டு, ரெசினோடு அதை இறுகச் செய்யும் ஹார்டனரைக் கலந்த எப்பாக்ஸியும் அதன் மேல் வார்னிஷும் பூசுகிறார்கள்.

நான் மிச்சிகனில் வசிக்கிறேன். 8 அடி நீளம், 4 அடி அகலத்தில் அப்படி ஒன்றை என் கராஜில் கட்டி முடித்து ஆறு குளிர்காலங்கள் ஆகிவிட்டன. முகாம் மைதானத்தில் நிறுத்தினால் யாராவது வந்து பக்கச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போவதில்லை. இப்போது இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலரும் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

எப்பாக்ஸி பூசிய பிறகு வார்னிஷ் எதற்கு? ஒன்று போதாதா?

போதாது. இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. எப்பாக்ஸி நீரைத் தடுக்கும். மரத்துக்குள் ஈரம் போவதும் வருவதும் நின்றால்தான் பிளைவுட் உப்பாமல், சுருங்காமல் இருக்கும். ஆனால் எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பட்டால் முதலில் மஞ்சளாகும், பிறகு பளபளப்பு மங்கும், கடைசியில் சுண்ணாம்பு போல மேலே பொடி பூக்கும். நல்ல வார்னிஷில் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்கள் கலந்திருக்கின்றன. அவை எப்பாக்ஸிக்குக் குடை பிடிக்கின்றன.

வெறும் வார்னிஷ் மட்டும் பூசினால் என்ன என்றும் கேட்கிறார்கள். வார்னிஷ் நீராவியை மெதுவாக உள்ளே விடும். மரம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்க, மேலே இருக்கும் படலம் மயிரிழையாக விரியும். விரிசல் வழியே மழைநீர் இறங்கினால் அந்த இடம் கறுத்துவிடும். அடியில் எப்பாக்ஸி இருந்தால் மரம் அசையாது, வார்னிஷும் நெடுநாள் நிற்கும். ஒன்றை ஒன்று காக்கும் இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

எந்த பிளைவுட் வாங்கலாம்?

ரேகை தெரிய வேண்டுமானால் ஒக்கூமே மரத்தில் செய்த கடல்தரப் பிளைவுட். காபோன் நாட்டுக் காடுகளில் வளரும் மரம் அது, இளஞ்சிவப்பு கலந்த நிறம், எடை குறைவு. பி.எஸ். 1088 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள் அடுக்குகளில் ஓட்டை இருக்காது. பால்டிக் பர்ச் பிளைவுட்டும் அழகானது, உறுதியானது. ஆனால் எடை கூடும், ஈரம் பட்டால் சீக்கிரம் உளுத்துப்போகும். ஒக்கூமேவும் தானாக மழையைத் தாங்கும் மரம் அன்று. கடல்தரம் என்ற சொல் உள்ளே இருக்கும் பசையையும் அடுக்குகளையும் பற்றியது. அதை நம்பி ஓரங்களைப் பூசாமல் விட்டால் பிறகு வருந்த நேரும்.

நம் ஊர்க் கடற்கரையில் ஃபைபர் படகு செய்யும் ரெசினைப் பூசக்கூடாதா? விலை குறைவாயிற்றே.

அது பாலியெஸ்டர் ரெசின். அச்சின் மேல் கண்ணாடி இழையை அடுக்கி முழுப் படகையே அதில் வார்க்கும்போது நன்றாக வேலை செய்கிறது. மரத்தோடு அது எப்பாக்ஸி அளவுக்கு ஒட்டுவதில்லை. பிளைவுட்டின் மேல் பூசினால் சில ஆண்டுகளில் தோல் உரிவது போல் படலம் பிரிந்து வரலாம். பிரிந்த இடத்தில் புகுந்த நீர் வெளியேற வழி இருக்காது. இந்த வேலைக்கு எப்பாக்ஸிதான்.

எந்த எப்பாக்ஸி? மேசைக்கு ஊற்றும் பளிங்கு போன்ற ரெசின் இணையத்தில் கிடைக்கிறதே?

மேசைக்கு ஊற்றுவது தடிமனாகத் தேங்கி இறுகுவதற்காகச் செய்தது. செங்குத்துச் சுவரில் வழிந்துவிடும், பிளைவுட்டின் மேல் போர்த்தும் கண்ணாடி இழைத்துணிக்குள்ளும் சரியாக ஊறாது. படகுக்கென்று விற்கும் எப்பாக்ஸியை வாங்குங்கள். என் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தொலைவில் இருக்கும் பே சிட்டியில்தான் கூஜன் சகோதரர்கள் 1969இல் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உறைந்த ஏரியில் ஓடும் பனிப் படகுகளை மரமும் எப்பாக்ஸியும் கொண்டு கட்டியவர்கள். அவர்களுடைய வெஸ்ட் சிஸ்டம் எப்பாக்ஸியைத்தான் நான் பயன்படுத்தினேன். சிஸ்டம் த்ரீ, மாஸ் போன்றவையும் படகு கட்டுகிறவர்களிடம் புழங்குபவைதான்.

ரெசின் ஒன்று, ஹார்டனர்கள் பல. வெஸ்ட் சிஸ்டத்தில் 205 வேகமானது, 206 நிதானமானது, 207 நிறமின்றித் தெளிவாக இறுகுவது. மர ரேகை தெரிய வேண்டிய வெளிப்பக்கத்துக்கு 207, கண்ணுக்குத் தெரியாத மூலைகளுக்கும் ஒட்டு வேலைக்கும் 205 அல்லது 206 என்று பிரித்துக்கொண்டால் செலவு குறையும். 205க்கும் 206க்கும் ரெசின் ஐந்து பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு. 207க்கு மூன்றுக்கு ஒன்று. ஒன்றின் அளவு பம்பை இன்னொன்றின் டப்பாவில் மாட்டிவிடாதீர்கள். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் இறுகுமா?

இறுகாது. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட கணக்கில் கைகோத்துக்கொள்கின்றன. ஒன்று மிஞ்சினால், கை கிடைக்காத பங்கு உள்ளேயே பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது மாறாது, சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்டனரை வாங்க வேண்டும்.

கலக்கும்போது தட்டையான குச்சியால் கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து இரண்டு நிமிடம் முழுவதும் கலக்குங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின்தான் பிறகு சுவரில் ஒட்டும் திட்டாக நிற்கிறது. கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே அது இன்னும் வேகமாக இறுகும். வெல்லப் பாகு கம்பிப் பதத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப இளகாது அல்லவா, அதே கதைதான். கிண்ணம் கையைச் சுடும், புகையும்கூடும். 72 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 22 செல்சியஸில், 205 கலவை கிண்ணத்தில் பத்து நிமிடம்தான் தாங்கும். 206, 207 ஆகியவை இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். கோடை மதியத்தில் அதுவும் குறையும்.

எப்பாக்ஸிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துவிட்டன. ஏன்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், நானே இதில் ஒரு பக்கச்சுவரை இழந்தவன்.

மரத்தின் நுண்துளைகளுக்குள் காற்று இருக்கிறது. மரம் சூடேறினால் அந்தக் காற்று விரிந்து வெளியே வரும். மேலே ஈர எப்பாக்ஸி இருந்தால் அதற்குள் குமிழியாக மாட்டிக்கொள்ளும். ஒரு மே மாதக் காலையில் குளிர்ந்த கராஜில் இடது சுவருக்கு முதல் பூச்சைப் பூசி முடித்து, வாடை போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். ஒன்பது மணிக்கு வெயில் சாய்வாக உள்ளே வந்து சுவரின் பாதியில் விழுந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெயில் பட்ட பாதி முழுவதும் கடுகளவுக் குமிழிகள். நிழலில் இருந்த பாதி கண்ணாடி மாதிரி. இரண்டுக்கும் நடுவே கதவின் நிழல்கோடு அப்படியே பதிந்திருந்தது. இறுகிய பிறகு அத்தனையையும் 80 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது. ஓரிடத்தில் மேல் அடுக்கையும் தேய்த்துவிட்டேன். அங்கே இன்றும் வெளிறிய திட்டு ஒன்று தெரிகிறது.

ஆகவே வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசுங்கள். மாலை நாலு, ஐந்து மணி சிறந்தது. பகலில் கராஜைச் சூடாக்கி, மரமும் சூடேறிய பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டுப் பூசினால், குளிரும் மரம் எப்பாக்ஸியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். வெயில் சுவரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று பூசி நுண்துளைகளை அடைத்துவிட்டால் அடுத்த பூச்சுகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. அப்படியும் வந்த ஓரிரு குமிழிகளை, எப்பாக்ஸி இளகலாக இருக்கும்போதே ஹேர் டிரையரின் சூட்டை மேலோட்டமாகக் காட்டி உடைக்கலாம். ஒரே இடத்தில் பிடித்தால் மரம் சூடாகிப் புதுக் குமிழிகள் கிளம்பும்.

குளிர்காலத்தில் பூசலாமா?

206, 207 இரண்டுக்கும் குறைந்தது 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 16 செல்சியஸ் வேண்டும். பூசும்போது மட்டும் அல்ல, இரவு முழுவதும் வேண்டும். இரவு வெப்பத்தை நம்பமுடியாத மாதங்களில் வேறு வேலையைப் பாருங்கள். ரெசின் டப்பாவையும் கராஜில் வைக்காதீர்கள். குளிர்ந்த ரெசின் தேன் போலத் தடித்து, பம்பில் அளவு தவறும்.

கண்ணாடி இழைத்துணி கட்டாயமா?

கட்டாயம் என்றே சொல்வேன். எப்பாக்ஸி மட்டும் பூசிய பிளைவுட்டின் மேல் அடுக்கு வெயிலிலும் குளிரிலும் சில ஆண்டுகளில் ரேகையோடு ரேகையாக விரிந்துவிடும். துணி அதைக் கட்டிப் பிடிக்கிறது. சாலையில் தெறிக்கும் சரளைக்கல்லையும் தாங்குகிறது. வெளிப்பக்கத்துக்குச் சதுர கெஜத்துக்கு 6 அவுன்ஸ் எடையுள்ள துணி, உட்பக்கம் போடுவதானால் 4 அவுன்ஸ் போதும். எடை கூடக் கூட நெசவு மறைவது கடினம்.

துணி போடும் நாள் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள். வெள்ளைத் துணியைச் சுவர் மேல் விரித்து, உள்ளங்கையால் தடவிச் சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ளுங்கள். அதன் மேல் எப்பாக்ஸியைக் கொஞ்சமாக ஊற்றி, ரப்பர் வழிப்பானால் நடுவிலிருந்து வெளியே இழுங்கள். வெண்மை உங்கள் கண்ணெதிரே கரைந்து, துணி இருந்த இடத்தில் ஒக்கூமேவின் சிவந்த ரேகை ஈரமாக எழுந்து வரும். எங்காவது பால்நிறம் தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை. பளபளவென்று குளம் கட்டியிருந்தால் கூடிவிட்டது, துணி மிதக்கும். வழித்துவிடுங்கள். முதல் பூச்சு முடிந்ததும் துணியின் நெசவு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான அளவு. பள்ளங்களை அடுத்த பூச்சுகள் நிரப்பும்.

கூரையும் சுவரும் சேரும் விளிம்பு கூராக இருந்தால் துணி அதன் மேல் மடங்காமல் தூக்கி நிற்கும். அடியில் காற்று புகும். முன்கூட்டியே விளிம்பை இழைத்து, சுண்டுவிரல் அளவாவது உருட்டிவிடுங்கள். கூரைத் துணி இரண்டு அங்குலம் சுவர் மேல் இறங்கி வரட்டும், சுவர்த் துணி அதோடு மேலேறிச் சேரட்டும். மழை முதலில் தேடும் இடம் அதுதான், அங்கே இரண்டு அடுக்கு இருப்பது நல்லது.

எத்தனை பூச்சு? நடுவில் உப்புத்தாள் போட வேண்டுமா?

துணியை நனைத்த பூச்சுக்கு மேல் இரண்டு அல்லது மூன்று. முந்தைய பூச்சு முழுவதும் இறுகுவதற்கு முன் அடுத்ததைப் போட்டால் உப்புத்தாள் தேவையில்லை, இரண்டும் ஒன்றோடொன்று வேதியியலாகவே பிணைந்துகொள்ளும். விரல் வைத்துப் பாருங்கள். ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் வரக்கூடாது. அந்தப் பதத்தில் அடுத்த பூச்சு. காலையில் தொடங்கினால் இரவுக்குள் மூன்றையும் முடித்துவிடலாம், துணைக்கு ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

இறுகிவிட்டால் கழுவித் தேய்த்த பிறகுதான் அடுத்தது. எப்பாக்ஸி இறுகும்போது, அதிலும் ஈரப்பதமான நாளில், மேலே மெழுகு போன்ற படலம் ஒன்று வடியும். அமீன் படலம் என்பார்கள். 207 போன்ற சில ஹார்டனர்களில் இது அநேகமாக வராது, மற்றவற்றில் வரும். தடவினால் எண்ணெய்க் கையால் தொட்டது போல் வழுக்கும். அதைக் கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், படலமும் பள்ளங்களுக்குள் அழுந்திவிடும். சுத்தமான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாருமே போதும். தின்னரில் இது கரையாது, தண்ணீரில் கரையும். துடைத்து உலர்த்திய பிறகு 80, 120, 180, கடைசியில் 220 எண் உப்புத்தாள். பளபளப்புப் புள்ளி ஒன்றுகூட மிச்சமில்லாமல் முழுவதும் ஒரே சீராக மங்கலாக வேண்டும். விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தேயாத பள்ளங்கள் மினுங்கும். துணியின் இழை தலைகாட்டினால் உடனே நிறுத்தி இன்னொரு பூச்சு போட்டுவிடுங்கள்.

மரத்துக்குச் சாயம் ஏற்றலாமா?

தண்ணீர் அல்லது ஆல்கஹாலில் கரையும் சாயம் ஏற்றலாம். எண்ணெய்ச் சாயத்தின் மேல் எப்பாக்ஸியின் பிடிப்பு குறையலாம், துண்டுப் பலகையில் சோதிக்காமல் இறங்காதீர்கள். கருநிறம் மட்டும் வேண்டாம். இத்தகைய எப்பாக்ஸி 120 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இளகத் தொடங்கும். கோடை வெயிலில் கரும்பரப்பு அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும், பிறகு துணியின் நெசவு மேலே அச்சாகத் தெரியும்.

எவ்வளவு கவனமாகப் பூசினாலும் டிரெய்லர்கள் உளுத்துப்போகின்றனவே, எங்கே தவறு?

பரந்த சுவரில் அநேகமாகத் தவறு நேர்வதில்லை. ஓரங்களிலும் துளைகளிலும்தான் நேர்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிளைவுட்டின் வெட்டிய ஓரம் என்பது வரிசையாக அடுக்கிய உறிஞ்சுகுழல்கள். எப்பாக்ஸியை ஓரத்தில் தடவிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், காய்ந்த மண் போல் குடித்துவிட்டு மறுபடியும் வெளிறி நிற்கும். அது இனி வேண்டாம் என்று பளபளப்பாக நிற்கும்வரை தடவிக்கொண்டே இருங்கள். மூன்று, நான்கு முறை ஆகும். கதவின் அடி ஓரம், சன்னல் வெட்டுவாயின் உள்சுற்று, பின்மூடியின் கீழ் விளிம்பு ஆகிய மூன்றும் முக்கியம். குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இடங்கள் என்பதால் இவைதாம் விட்டுப்போகின்றன.

அடுத்தது துளைகள். பூசி முடித்து மின்னும் சுவரில் விளக்கு மாட்ட ஒரு துளை போட்ட கணமே, பூச்சில்லாத வெறும் மரத்துக்கு வாசல் திறந்துவிட்டீர்கள். என் டிரெய்லரில் பின்விளக்கின் திருகு ஒன்றுக்கு வெறும் சிலிக்கோன் வைத்து முடுக்கியிருந்தேன். இரண்டு குளிர்காலம் கழித்து அதைக் கழற்றியபோது துளையைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுத்திருந்தது. பேனாக்கத்தியின் முனை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. இங்கே பனியும் சாலை உப்பும் சேர்ந்து அடிக்கும். நுழைந்த நீர் உறைந்து விரியும்போது பிளைவுட்டின் அடுக்குகளையே நெம்பிவிடும்.

சரியான முறை படகுக்காரர்களிடமிருந்து வந்தது. கால் அங்குல போல்ட்டு என்றால் முதலில் அதைவிடப் பெரிய துளை, எட்டில் மூன்று அங்குலம் போடுங்கள். பின்பக்கம் டேப் ஒட்டி அடையுங்கள். துளையின் உள்சுவரை வெறும் எப்பாக்ஸியால் நனைத்துவிட்டு, சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய் பதத்தில் கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் கால் அங்குலத் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது எப்பாக்ஸி வளையம், மேலே கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. உலோகப் பட்டைகளுக்கும் கீல்களுக்கும் அடியில், நீரை அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப் வையுங்கள். அது கல்லாக இறுகாது, ஆண்டுகள் கழித்தும் கழற்றலாம். சிலிக்கோனைக் கராஜுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பின்னால் எந்த வார்னிஷும் பிடிக்காமல் மீன்கண் போலக் குழிந்து விலகும்.

எல்லாத் துளைகளையும் வார்னிஷுக்கு முன்பே போட்டு, விளக்கு, கதவு, பின்மூடி அனைத்தையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். ஒரு வாரம் கூடுதலாகும், ஆகட்டும்.

எந்த வார்னிஷ்? வீட்டுக் கதவுக்குப் பூசியது மிச்சமிருக்கிறது.

அதைக் கதவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பூசும் வார்னிஷில் புற ஊதாத் தடுப்பு போதுமான அளவு இருக்காது. இங்கே தேவை ஸ்பார் வார்னிஷ். ஸ்பார் என்பது பாய்மரக் கப்பலின் பாயைத் தாங்கும் மரக்கழிகள். காற்றில் வளைந்து நிமிரும் அந்தக் கழிகளோடு சேர்ந்து தானும் வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய்ப் பங்கைக் கூட்டிச் செய்த வார்னிஷ் அது. நெதர்லாந்தின் எப்பிஃபேன்ஸ் வார்னிஷ் டங் எண்ணெயும் பீனாலிக் ரெசினும் சேர்ந்தது, நான் பூசியது அதைத்தான். பெரிய கட்டடப் பொருள் கடைகளில் ஸ்பார் யூரிதேன் என்று விலை மலிவாகக் கிடைப்பதைப் பூசியவர்களும் இருக்கிறார்கள். முதல் ஆண்டு வேறுபாடு தெரியாது. மறுபூச்சுக்கான நாள் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். இரண்டு பகுதியாகக் கலக்கும் பாலியூரிதேன் இவற்றைவிடக் கடினமானது, நெடுநாள் தாங்கும். ஆனால் அதில் மூச்சோடு உள்ளே போனால் கேடு செய்யும் ஐசோசயனேட் இருக்கிறது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றோட்டமும் இல்லாத வீட்டு கராஜில் அதைத் தொட வேண்டாம்.

வார்னிஷ் பூசும் முறை என்ன? எத்தனை பூச்சு?

குறைந்தது நான்கு, ஐந்து அல்லது ஆறு என்றால் மனநிம்மதி. பூச்சில்லாத வெறும் மரத்துக்குத்தான் முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி தின்னர் விட்டு நீர்க்க வேண்டும். எப்பாக்ஸியின் மேல் அந்த அவசியம் இல்லை, தூரிகை இழுக்காத அளவுக்குச் சிறிதளவு விட்டால் போதும். மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள். ஒரே பூச்சில் வேலையை முடிக்க நினைத்தால் திரைச்சீலை போல வழிந்து நிற்கும்.

தூசிதான் பெரும் எதிரி. தேய்த்த அன்றே பூசாதீர்கள். இரவு முழுவதும் தூசி படியட்டும். காலையில் தரையில் தண்ணீர் தெளித்து, சுவரை, தூசியைப் பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பான ஒட்டுத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, கம்பளி உடை அணியாமல் வந்து தொடங்குங்கள். டப்பாவுக்குள் தூரிகையை விடாமல், தேவையானதை வடிகட்டித் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். டப்பாவைக் குலுக்கவும் கூடாது, குமிழி வரும்.

ஒரு முழ அகலத்துக்குப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே பஞ்சுத் தூரிகையின் நுனியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் நீவி விடுங்கள். பிறகு அடுத்த முழம். ஈர விளிம்பு காயும் முன் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். விட்டுப்போன இடம் ஒன்று பின்னால் தெரிந்தால், தொடாதீர்கள். கை துறுதுறுக்கும், ஆனால் பாதி காய்ந்த வார்னிஷில் தூரிகை வைத்தால் தழும்பாகிவிடும். நாளை இன்னொரு பூச்சு இருக்கிறது.

ஒரு நாள் காயவிட்டு, 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அடுத்தது. தேய்க்கும்போது வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, தாளில் உருண்டு ஒட்டினால் இன்னொரு நாள் பொறுங்கள்.

ஐந்து நாள் ஆகியும் வார்னிஷ் ஒட்டுகிறது.

அநேகமாக அடியில் எப்பாக்ஸி முழுவதும் இறுகவில்லை, அல்லது அமீன் படலம் கழுவப்படவில்லை. அமீன்கள் எண்ணெய் வார்னிஷைக் காயவிடாமல் தடுக்கும். சில வார்னிஷ் வகைகள் சில எப்பாக்ஸிகளின் மேல் காய்வதே இல்லை. சூடான, காற்றோட்டமுள்ள இடத்தில் இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அப்படியும் ஒட்டினால் சுரண்டி எடுத்துவிட்டு, தின்னரால் துடைத்து, எப்பாக்ஸியைத் தண்ணீரால் கழுவித் தேய்த்து மறுபடி தொடங்க வேண்டும். இதைத் தவிர்க்க எளிய வழி, எப்பாக்ஸிக்கு ஒன்றிரண்டு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டு, அதே எப்பாக்ஸி பூசிய துண்டுப் பலகையில் வார்னிஷை முன்கூட்டிச் சோதிப்பது.

எவ்வளவு வாங்க வேண்டும்?

8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் இரண்டு சுவரும் கூரையும் சேர்ந்து வெளிப்பரப்பு சுமார் 100 சதுர அடி. ஒரு மெல்லிய பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எப்பாக்ஸி. துணி தன் எடைக்குச் சமமான ரெசினையாவது குடிக்கும், அதாவது இந்தப் பரப்புக்குச் சுமார் 2 கிலோ. ஓரங்கள், துளைகள், வீணாவது எல்லாம் சேர்த்து வெளிப்பக்கத்துக்கு இரண்டு கேலன் வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் ஐந்து பூச்சுக்கு 3 லிட்டரை ஒட்டி ஆகும். கையுறை மட்டும் நூறு ஜோடி வாங்குங்கள், மிஞ்சாது.

உடலுக்கு ஆபத்தா?

இறுகிய எப்பாக்ஸியால் தொல்லை இல்லை. இறுகாதது தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமை தொடங்கும். தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விடாது. அதன் பிறகு திறந்த டப்பாவின் அருகில் போனாலே தடித்துவிடும் அளவுக்குச் சிலருக்கு முற்றியிருக்கிறது. நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் எப்போதும் அணியுங்கள். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். தின்னரால் துடைத்தால் அது தோலுக்குள் இன்னும் சேர்த்து இறக்கிவிடும். தேய்க்கும்போது தூசிக் கவசம், வார்னிஷ் பூசும்போது கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கவசம்.

வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். டங் எண்ணெய் போன்றவை காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே வேலியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். வீட்டையொட்டிய கராஜில் வேலை செய்கிறவர்கள் இதை ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம்.

உட்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும்?

உள்ளே வெயில் இல்லை. ஆனால் இருவர் மூச்சு இரவு முழுவதும் கூரையில் நீர்முத்தாக நிற்கும். ஒரு பூச்சு எப்பாக்ஸி, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ் போதுமானது. படுத்துக்கொண்டே பார்க்கும் கூரைக்கு மங்கலான வார்னிஷ் கண்ணுக்கு இதம். அடிப்பக்கம் யாரும் பார்க்காத இடம், எப்பாக்ஸி இரண்டு பூச்சும் மேலே தடித்த வெளிப்புறப் பெயிண்டும் அடியுங்கள். சட்டத்தில் ஏற்றிய பிறகு அங்கே கை போகாது.

பராமரிப்பு எப்படி?

பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை 320 எண் தாளால் லேசாகத் தேய்த்து ஒன்று அல்லது இரண்டு பூச்சு. அரிசோனா போன்ற பாலைவன வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதற்கும் முன்பே தேவைப்படும். கராஜில் தூங்கும் வண்டி இரண்டு ஆண்டுகூடத் தாங்கும். கூரையும் தெற்குப் பார்த்து நிறுத்தும் பக்கமும்தான் முதலில் மங்கும். மழை பெய்து முடிந்ததும் பாருங்கள். நீர் முத்து முத்தாக உருண்டால் நலம், தட்டையாகப் பரவி நின்றால் நேரம் வந்துவிட்டது. படலம் உரியத் தொடங்கும்வரை காத்திருந்தால் ஒரு மாலை வேலை மூன்று வார வேலையாகிவிடும்.

குளிர்காலத்தில் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வார்னிஷை வெள்ளை பூக்கச் செய்யும். காற்றுப் போகும் துணி உறை போதும், அதுவும் உரசாமல் தளர்வாக.

கல் பட்டுக் கீறிவிட்டது. பயணத்தின் நடுவில் என்ன செய்வது?

கீறல் வெண்கோடாக மட்டும் தெரிந்தால் வார்னிஷோடு நின்றுவிட்டது, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி இழை பிய்ந்து மரம் தெரிந்தால் அன்றே அடைக்க வேண்டும். உலரத் துடைத்து, அதன் மேல் தெளிவான டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். ஏற்கெனவே நனைந்திருந்தால் டேப் ஒட்டாமல் முதலில் காயவிடுங்கள், ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது திறந்து விடுவதைவிடக் கேடு. வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் தேய்த்து, ஒரு துண்டுத் துணியும் எப்பாக்ஸியும் வைத்து, மேலே வார்னிஷ். என் டிரெய்லரின் முன்பக்கத்தில் அப்படி இரண்டு ஒட்டுகள் இருக்கின்றன. வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அவற்றின் ஓரம் தெரியும்.